பெயரில்லாத துப்பாக்கியின் வயது

டீயைக் குடியுங்கள், நிதானமாகச் சொல்கிறேன். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பழைய வீட்டைப் பிரிக்கும்போது, பரண் பெட்டியில் உள்ளங்கை நீளத்தில் ஒரு கைத்துப்பாக்கி கிடைக்கிறது என்று வையுங்கள். பெயர் இல்லை, எண் இல்லை. சேத்தூர் ஜமீன் சாமான் என்பார் ஒருவர். பாளையக்காரர் ஆயுதம் என்பார் இன்னொருவர்.

முதலில், உள்ளே தோட்டா இருப்பதாகவே நினையுங்கள். நூறு வருஷத்து மருந்தும் வெடிக்கும். விசையைத் தொடாதீர்கள். தெரிந்தவர் சோதித்து, காலி என்று சொன்ன பிறகே மற்றதெல்லாம்.

வயதைச் சொல்வது குதிரை, அதாவது விசையை இழுத்தால் விழும் சுத்தி, அடிக்கும் இடம். குதிரையின் வாயில் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்வ இடமிருந்தால் அது பழைய முறை. கேப்பு, அதாவது அடித்தால் பொறி தரும் சின்ன உலோக மூடி, மாட்டும் முலை இருந்தால், கேப்பு புழக்கத்துக்கு வந்த 1820களுக்கு முந்தியதல்ல. தோட்டா அறையின் விளிம்பில் ஒரு ஊசி நுழையும் அளவு பள்ளம் தெரிந்தால், அது பிரெஞ்சுக்காரர் லெஃபோஷே 1830களில் தொடங்கிவைத்த ஊசித் தோட்டா முறை. குதிரை தோட்டாவின் விளிம்பில் அடித்தால், ஸ்மித் அண்ட் வெஸன் 1857இல் கொண்டுவந்த 0.22 அங்குலத் தோட்டாவின் வழியில் வந்ததாக இருக்கலாம். பழைய முறையில் பின்னாளிலும் செய்தார்கள்; அதனால் இந்த அடையாளம் 'இதற்கு முந்தியதல்ல' என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லும். பாளையக்காரர் போர் முடிந்தது 1801இல். அந்த டிசம்பரிலேயே கும்பெனி அரசு ஆயுதம் வைத்திருக்கத் தடை போட்டது. தோட்டாத் துப்பாக்கி எதுவும் அந்தப் போரைப் பார்த்திருக்க முடியாது.

அடுத்து, குழலின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். செய்தவர் பெயர் போடாவிட்டாலும், குழலைச் சுட்டுப் பார்த்துச் சான்று தரும் சோதனைச் சாலையின் முத்திரை இருக்கலாம். முட்டை வடிவ வளையத்துக்குள் இ, எல், ஜி என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தையது. அங்கே பட்டறைகள் பெயர் போடாமலே ஏராளமாகச் செய்து உலகமெங்கும் அனுப்பின. பெல்ஜியச் சரக்கு நம் பக்கத்துக்கும் வந்ததுதான்: 1911இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்.

பித்தளைச் செம்பை விளக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், உப்புத்தாளும் வேண்டாம். துருவோடு முத்திரையும் போய்விடும்.

கடைசியாகச் சட்டம். பழசு என்பதாலேயே லைசென்ஸ் வேண்டாம் என்று ஆகிவிடாது. பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அது சுடுமா சுடாதா என்பதை நாமே முடிவு செய்யக் கூடாது. பையில் போட்டுக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறாமல், உள்ளூர் ஸ்டேஷனில் தகவல் சொல்லி ஒப்படையுங்கள். கொடுக்கும் முன் எந்த வீடு, எந்தப் பெட்டி, கூடவே என்ன கிடந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுச் சேர்த்துக் கொடுங்கள். காலத்தையும் ஊரையும் இரும்பிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். யார் வீட்டில் இருந்தது என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும்.