டிப்டி கலெக்டர் கொடுக்காத உத்தியோகம்

உளுந்தூர்பேட்டைக்கு வடக்கே, தென்பெண்ணையாற்றங்கரையில் திருக்கோவிலூர் இருக்கிறது. மூன்றடியால் உலகளந்த பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர். 1910-ஆம் ஆண்டில் அந்த ஊருக்கு ஓர் இளைஞர் உத்தியோகம் தேடி வந்தார். கும்பகோணத்தில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமாநுஜன்தான் அவர்.

அப்போது அங்கே டிப்டி கலெக்டராயிருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907-இல் இந்தியக் கணித சங்கத்தை ஸ்தாபித்தவர். இளைஞர் கேட்டதோ ஒரு குமாஸ்தா வேலை. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கலியாணமும் ஆகிவிட்டது. கையிலிருந்த நோட்டுப் புஸ்தகங்களே அவருக்குச் சிபாரிசு. ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்தார். இப்பேர்ப்பட்ட மேதையை ரெவினியூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார்த்தி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. வேலை கொடுக்காமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்.

அந்தக் கடிதங்களில் தொடங்கிய பாதை எங்கே சென்றது என்பதற்கு ஓர் எண்ணே சாட்சி: 67,46,32,83,88,800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல்!

இதன் பெருமை பருமனில் இல்லை. 12-ஐ எடுத்துக்கொள்வோம். 1, 2, 3, 4, 6, 12 ஆகிய ஆறு எண்கள் அதை மீதியின்றி வகுக்கும். 12-க்குக் கீழ்ப்பட்ட எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் வகுப்பான்கள் கிடையா. 24-க்கு எட்டு, 60-க்குப் பன்னிரண்டு. இவையும் தமக்குக் கீழ்ப்பட்ட எல்லா எண்களையும் வென்றவையே. நாளை 60 நாழிகையாகப் பிரித்த நம் முன்னோர், பாதி, மூன்றிலொன்று, நாலிலொன்று, ஐந்திலொன்று எதுவாயினும் பின்னமின்றிப் பங்கிட வழி செய்திருக்கிறார்கள்.

இத்தகைய எண்களைப் பற்றி ராமாநுஜன் எழுதிய நீண்ட கட்டுரையை 1915-இல் லண்டன் கணித சங்கம் வெளியிட்டது. அதிலுள்ள அட்டவணையின் கடைசி எண்ணே நாம் மேலே குறித்தது. 2-ஐ ஆறு முறையும், 3-ஐ நான்கு முறையும், 5-ஐயும் 7-ஐயும் இவ்விரண்டு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் அது கிடைக்கும். ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7×5×3×3×2×2×2×2×2) அதன் வகுப்பான்களின் தொகை வந்துவிடும்: 10,080!

அந்த அட்டவணையில் ஓர் எண் மட்டும் விட்டுப்போயிற்று: 2,93,31,86,25,600. அதற்கு 5,040 வகுப்பான்கள். அதையே 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். அட்டவணையின் கடைசி எண் வந்து நிற்கும்! யந்திரமின்றிக் கையால் போட்ட கணக்கில் தப்பியது அது ஒன்றுதான்.

எஃப்.ஏ. தேறாதவருக்கு அந்தக் கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. திருக்கோவிலூரில் அன்று ஒரு குமாஸ்தா வேலை கிடைத்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு மாதச் சம்பளம் வந்திருக்கும். உலகத்துக்கு ராமாநுஜன் கிடைத்திருப்பாரா?