கணக்கை விடுவதற்கு முன்

பத்துக்குப் பிறகு – தொடர் 4

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளே மேல்நிலைப் பள்ளிகளின் அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிடும். உள்ளே நடப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடப் பேச்சு. மார்க் பட்டியலை வாங்குகிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் மொத்தத்தைப் பார்க்கிறார். “நானூத்தி அறுபதா? பர்ஸ்ட் குரூப் போட்டுடலாம் சார்.” “முந்நூத்தி எண்பதா? கம்ப்யூட்டர் சயின்ஸ் நிறைஞ்சிடுச்சும்மா, காமர்ஸ்ல சேர்த்துக்கறேன்.” “முந்நூறுதானா? ஹிஸ்டரி பாருங்க, இல்லேன்னா வொகேஷனல்.” பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று அந்த அறையில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அப்பாதான் பதில் சொல்வார்.

இதில் உள்ள அபத்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 500-க்கு எடுத்த மொத்தத்தில் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் எல்லாம் கலந்திருக்கின்றன. கணக்கில் 95-ம் அறிவியலில் 90-ம் எடுத்து, மனப்பாடம் வராததால் மற்ற மூன்றிலும் ஐம்பதுகளில் நின்றுவிட்ட பையனுக்குக் கணக்கு கிடைக்காது. ஐந்திலும் எண்பத்தைந்து வாங்கிய, கணக்கைக் கண்டாலே நடுங்குகிற பெண்ணுக்கு அது கட்டாயம் கிடைத்துவிடும். அவளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். நல்ல மார்க் வாங்கியவள் காமர்ஸ் எடுத்தால் ஊரில் என்ன நினைப்பார்கள்?

குரூப் என்ற ஏற்பாடே நமக்கு அவ்வளவு பழையதில்லை. 1978-க்கு முன் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு பள்ளி முடிந்துவிடும். பிறகு கல்லூரியில் ஒரு வருடம் பி.யு.சி. கோத்தாரி கமிஷன் பரிந்துரைத்த பத்து கூட்டல் இரண்டு முறையை ஏற்று 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் வகுப்புகள் தொடங்கின; முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விக்கு என்ன இடம் என்று அப்போதே அகில இந்திய அளவில் ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த மால்கம் ஆதிசேஷையா. கையால் வேலை கற்றுக்கொள்வதும் படிப்புதான் என்பது அந்த அறிக்கையின் சாரம். நடந்தது வேறு. தொழிற்கல்விப் பிரிவு ‘வேறு எதுவும் கிடைக்காதவர்களுக்கு’ என்றாகிவிட்டது. கணக்கும் இயற்பியலும் முதல் வரிசையில் உட்கார்ந்தன. வரலாறு கடைசி பெஞ்சுக்குப் போனது.

அதற்குப் பின் எத்தனையோ மாறிவிட்டது. 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. இரண்டு தாளாக இருந்த தமிழும் ஆங்கிலமும் ஒவ்வொரு தாளாகச் சுருங்கின. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வந்தது, போயும் விட்டது. நான்கு பாடத்துக்குப் பதில் மூன்றை மட்டும் எடுத்து 500 மதிப்பெண்ணுக்குப் படிக்கலாம் என்று 2019-ல் ஓர் அரசாணை வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. மாறாதது ஒன்றுதான்: குரூப்புகளின் சாதி வரிசை.

சரி, இந்த வரிசையை ஒதுக்கிவிட்டு எப்படித் தேர்ந்தெடுப்பது? என்னைக் கேட்டால், முதலில் முடிவு செய்ய வேண்டியது குரூப் அல்ல, கணக்கு. பிள்ளை கணக்கை வைத்துக்கொள்ளப் போகிறதா, விடப் போகிறதா? மற்ற முடிவுகளைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். இதை மாற்றுவது மிகவும் கடினம்.

கணக்கு எடுத்தவர் பிளஸ் டூ முடித்தபின் பி.காம். சேரலாம் (சில கல்லூரிகள் அக்கவுண்டன்சி படித்தவருக்கு முன்னுரிமை தரும், அவ்வளவுதான்). சட்டம் படிக்கலாம், பி.ஏ. தமிழ் படிக்கலாம், இதழியலுக்குப் போகலாம், சி.ஏ. எழுதலாம். கணக்கை விட்டவருக்குப் பொறியியல் கலந்தாய்வு இல்லை, கட்டடக்கலை இல்லை. கப்பலில் அதிகாரியாக விரும்பினால் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நாட்டிகல் சயின்ஸ் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் வேண்டும். என்.டி.ஏ. தேர்வில் ராணுவப் பிரிவுக்கு எந்தக் குரூப்பும் போதும்; விமானப் படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் தேவை. விமானி உரிமத்துக்கு இயற்பியலும் கணக்கும் வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் ஆனர்ஸ் படிக்க நினைக்கும் காமர்ஸ் மாணவர்கள் கணக்கு கட்டாயம் என்பது தெரிந்து திகைப்பது ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. அங்கே பொருளாதாரம் என்பது பாதிக் கணக்கு.

“விட்ட பாடத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாமே” என்று சிலர் சொல்வார்கள். விதி இடம் தருகிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஒரு பாடத்தை மட்டும் தனியாக எழுதலாம். பிளஸ் டூவுக்குப் பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. உயிரியலைப் பதினெட்டு வயதில் தனியே உட்கார்ந்து படித்துவிடலாம். நுண்கணிதத்தை, சொல்லித்தர ஆளில்லாமல், இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு படிப்பவர்கள் அபூர்வம்.

இதனால் எல்லாரும் கணக்கு எடுக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்தான். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த முப்பதும் ஏறக்குறைய கையில் இருப்பதுபோல. கணக்கில் எழுத்துத் தேர்வே 90, அகமதிப்பீடு 10. தாங்கிப் பிடிக்கச் செய்முறை இல்லை. எல்லாப் பாடத்திலும் தேறி, கணக்கில் மட்டும் தவறி, துணைத்தேர்வுக்கு ஓடுகிற பிள்ளைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் 90 எடுத்ததாலேயே பிளஸ் டூ கணக்கு வரும் என்று நம்பவும் முடியாது. முந்தைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதியே அந்தத் தொண்ணூறை எடுத்துவிட முடியும். பார்க்காத கணக்கு ஒன்றைக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்கிறது? விடை வராவிட்டாலும் பத்து நிமிடம் முட்டி மோதுகிறதா, அல்லது உடனே பேனாவை மூடிவிடுகிறதா? இதை வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மார்க் பட்டியல் இதைச் சொல்லாது.

கணக்கு வேண்டும் என்று முடிவானதும் அடுத்த சண்டை, பயோ மேத்ஸா கம்ப்யூட்டர் சயின்ஸா என்பது. இதில் பெற்றோர்களிடம் ஒரு பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்க வேண்டியதில்லை. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. நான்காவது பாடம் உயிரியலோ கணினியோ, அது கணக்கில் வருவதே இல்லை. பயோ மேத்ஸ் படித்தவர் தாராளமாகக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் ஆகலாம்.

இதே காரணத்தால்தான் “ரெண்டும் இருக்கட்டும்” என்று எல்லாரும் பயோ மேத்ஸை மொய்க்கிறார்கள். டாக்டர் இல்லையென்றால் இன்ஜினியர். கேட்க நன்றாக இருக்கிறது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் பாதி, அதாவது 360, உயிரியலுக்கு. கணக்குக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. பொறியியலில் உயிரியலுக்கு இடமில்லை. ஆகவே எந்தப் பக்கம் போனாலும் இரண்டு வருடம் உழைத்த ஒரு பாடம் வீண். நீட் கோச்சிங் போகிற பிள்ளை கணக்கு நோட்டைத் திறப்பதில்லை, ஜே.இ.இ.க்குப் போகிற பிள்ளை உயிரியல் படம் வரைய அழுகிறது. இரண்டையும் தாங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது நல்ல குரூப். மருத்துவம்தான், செவிலியர் படிப்புதான் என்று உறுதியாக இருப்பவருக்குக் கணக்கில்லாத பியூர் சயின்ஸ் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதைச் ‘செகண்ட் குரூப்’ என்று சொல்லியே பலரைப் பயமுறுத்திவிட்டோம்.

காமர்ஸ் பற்றி ஒரே ஒரு விஷயம். பொருளியல், வணிகவியல், கணக்குப்பதிவியல் மூன்றோடு நான்காவதாக வணிகக் கணிதம், கணினிப் பயன்பாடுகள், வரலாறு என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். சி.ஏ. எண்ணம் இருந்தால் வணிகக் கணிதம் இருக்கிற பள்ளியைத் தேடுங்கள். சி.ஏ. பவுண்டேஷனில் ஒரு தாள் முழுக்க வணிகக் கணிதம், தர்க்கம், புள்ளியியல்தான். ஆனால் இந்த வணிகக் கணிதத்தை வைத்துப் பொறியியலுக்கு விண்ணப்பிக்க முடியாது. அதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரலாறு, புவியியல், பொருளியல், அரசியல் அறிவியல் கொண்ட குரூப்பைப் பல தனியார் பள்ளிகள் வைத்திருப்பதே இல்லை. அரசுப் பள்ளிகளிலும் ‘வேற கிடைக்கல’ என்று வந்து சேர்கிறவர்கள்தான் அதிகம். வேடிக்கை என்னவென்றால், ஆறேழு வருடம் கழித்து பி.இ. முடித்த ஆயிரக்கணக்கானோர் டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகும்போது எதைத் தேடிப் படிக்கிறார்கள்? இதே பிளஸ் ஒன், பிளஸ் டூ வரலாறு, அரசியல் அறிவியல், பொருளியல் பாடநூல்களைத்தான். மாவட்ட நூலகங்களுக்குப் போனால் பார்க்கலாம். சட்டக் கல்லூரிக்கோ அரசுப் பணிக்கோ போவதென்று உண்மையாகவே தீர்மானித்த பிள்ளைக்கு இது முதல் தரமான குரூப். ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்குக்கூடப் பிளஸ் டூவில் எந்தக் குரூப் என்பது தடையில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்து, அவர்களுடைய தகுதித் தேர்வில் தேறினால் போதும்.

இவ்வளவும் காகிதத்தில். ஊரில் நிலைமை வேறு. பல கிராமங்களில் குரூப்பைத் தீர்மானிப்பது பிள்ளையும் இல்லை, அப்பாவும் இல்லை, பஸ்தான். பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் என்ன குரூப் இருக்கிறதோ அதுதான் பெண்பிள்ளைக்கு வாய்க்கும். கணக்கு இருக்கிற பள்ளி பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால், மாலை ஆறரைக்கு இறங்கி நடக்க வேண்டிய இருட்டை நினைத்து வீட்டில் காமர்ஸ் என்று முடித்துவிடுவார்கள். அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குரூப்பும் பஸ்ஸும் வேறு வேறு துறைகளின் வேலை என்று நினைக்கிற அரசைத்தான் குறை சொல்ல வேண்டும்.

பள்ளியில் குரூப் இருந்தாலும் ஆசிரியர் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி. முதுகலை ஆசிரியர் பணியிடம் காலியானால், ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுத்து அனுப்பும் வரை பெற்றோர் ஆசிரியர் கழகமோ பள்ளி மேலாண்மைக் குழுவோ தற்காலிகமாக ஒருவரை அமர்த்தும். சில இடங்களில் அதுவும் நடக்காது. இயற்பியல் ஆசிரியர் இல்லாத பள்ளியில் பர்ஸ்ட் குரூப் எடுப்பதைவிட, நல்ல அக்கவுண்டன்சி ஆசிரியர் இருக்கிற பள்ளியில் காமர்ஸ் எடுப்பது எவ்வளவோ மேல். சேர்க்கைக்குப் போகும்போது இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். “சார், பிசிக்ஸுக்கு யார் வர்றாங்க? பர்மனென்ட்டா?” என்று கேட்டால் தலைமையாசிரியர் கோபப்பட மாட்டார். அவருக்கும் அதே கவலைதான்.

பயிற்று மொழி பற்றி அனேகமாக யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. பத்து வரை தமிழில் படித்துவிட்டுப் பிளஸ் ஒன்னில் ஆங்கில வழிக்கு மாறுகிறவர்கள் ஏராளம். பல பள்ளிகளில் பர்ஸ்ட் குரூப் ஆங்கில வழியில் மட்டும்தான் இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. 2020-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியில் இருக்க வேண்டும். பிளஸ் ஒன்னில் மாறினால், பிளஸ் டூவோ பட்டமோ கேட்கும் வேலைகளுக்கு அந்த உரிமை அங்கேயே போய்விடுகிறது. மாறவே கூடாது என்று சொல்லவில்லை. தெரிந்து மாறுங்கள்.

சேர்ந்த பிறகு மனம் மாறினால்? வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களில், இடமிருந்தால், குரூப்பை மாற்றித்தரும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு நடைமுறையில் இருக்கிறது. முதல் இடைத்தேர்வில் பிள்ளை கணக்கில் பத்து மார்க் வாங்கி வந்தால் திட்டுவதை விட்டுவிட்டு, மறுநாளே பள்ளிக்குப் போய்ப் பேசுங்கள். பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல் (நாமினல் ரோல்) போன பிறகு போய் நின்றால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

(அடுத்த வாரம்: பிளஸ் ஒன்னே வேண்டாம், பாலிடெக்னிக் போதும் என்பவர்களுக்கு)