படகுக்கு எந்த சீலண்ட்? கேட்டுக் கொடுப்போம்

கடற்கரை ஊர்களில் மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்போடு நைலான் கயிறு, பெயின்ட், டார்ச் செல், சீலண்ட் டியூப் எல்லாம் இருக்கும். மற்றச் சரக்கில் குறை இருந்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டு வருவார். மாற்றிக் கொடுத்து விடலாம். படகின் அடியில் பூசும் சீலண்டில் குறை இருந்தால் கரையில் தெரியாது. கடலில் தண்ணீர் ஏறும்போதுதான் தெரியும். ஆகவே இந்தச் சரக்கை விற்கும் வணிகர் அதன் குணம் அறிந்து விற்பது அவசியம்.

அந்தக் காலத் தோணிகளில் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். அதற்குக் கலப்பற்று என்று பெயர். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையில் ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. ஃபைபரில் பலகை இடுக்கு கிடையாது. ஆனாலும் உள்ளே இன்ஜின் பொருத்திய படகில் கடல்நீர் இழுக்கும் குழாய்க்கும், புரொப்பல்லர் தண்டுக்கும், எக்கோ சவுண்டருக்கும் அடியில் துளை போட வேண்டியிருக்கிறது. அந்தத் துளையைச் சுற்றி நீர் புகாமல் தடுப்பது சீலண்ட்தான்.

வகைகள்

1. சிலிக்கான்: குளியலறைக்கும் கண்ணாடிக்கும் வாங்கும் சாதாரண டியூப். விலை குறைவு என்பதால் படகுக்கும் இதையே கேட்பார்கள். இதற்குப் பிடிமானம் குறைவு. எந்நேரமும் நீருக்குள் இருக்கும் துளைக்கு இதை நம்பக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் வகை பித்தளை, செம்பை அரிக்கும். இது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் ஒட்டாது, வேறு சீலண்டும் ஒட்டாது. கேபின் கண்ணாடிக்குக் கொடுக்கலாம்.

2. பாலியூரித்தேன்: நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள உலோகப் பொருத்துகளுக்கு ஏற்றது. ஃபைபர், மரம், உலோகம் மூன்றையும் உறுதியாகப் பிடிக்கும். இன்ஜின் அதிர்வுக்கு வளைந்தும் கொடுக்கும். சில வகைகளைப் பிறகு கழற்றுவது மிகக் கடினம். அக்ரிலிக், பாலிகார்பனேட் தகடுகளுக்கு ஆகாது.

3. பாலிசல்ஃபைடு: டீசல், பெட்ரோல் பட்டாலும் தாங்கும். நீருக்கடியிலும் நிற்கும். பின்னால் கழற்ற வேண்டிய பொருத்துகளுக்கும் தேக்குத் தளத்துக்கும் நல்லது. பி.வி.சி., அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

4. எபாக்சி மக்கு: இறுகினால் கல் போல ஆகிவிடும். அசையாத இடத்தில் குழி அடைக்க உதவும். அதிரும் பொருத்தைச் சுற்றி வைத்தால் விரிசல் விடும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

பூசும் இடம் நீருக்கு மேலா, கீழா? பொருத்து எதனால் ஆனது: பித்தளையா, ஸ்டீலா, பிளாஸ்டிக்கா? பிறகு கழற்ற வேண்டி வருமா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் எந்த டியூப் என்று நமக்கே தெரிந்துவிடும். நீருக்குக் கீழே என்று சொன்னால், டியூப்பின் மேல் அதற்கு உகந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்தே கொடுக்க வேண்டும்.

விற்கும்போது இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பழைய பசையைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஈரமில்லாமல் காயவிட்டுப் பூச வேண்டும். போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும். ஒற்றை டியூப்பில் வரும் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகும். பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று படகை இறக்கக் கூடாது. டியூப்பில் சொல்லியுள்ள நாள் வரை பொறுக்க வேண்டும்.

சரக்கு வைக்கும் முறை

சீலண்டுக்குக் காலாவதித் தேதி உண்டு. திறக்காத பாலியூரித்தேன் டியூப்பும் பெரும்பாலும் ஓராண்டு அளவில்தான் நிற்கும். தகரக் கூரைச் சூட்டில் வைத்தால் அதற்கு முன்பே உள்ளே கட்டியாகிவிடும். ஆகவே குளிர்ச்சியான இடத்தில் வைத்து, முன்னால் வந்ததை முன்னால் விற்க வேண்டும். தேதி கடந்த டியூப்பைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிடும் எண்ணம் வேண்டாம். திறந்த டியூப்பைத் திருப்பி வாங்கவும் கூடாது.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். மார்ச் கடைசியில் புதிய தேதியுள்ள சரக்கை அளவோடு வாங்கி வையுங்கள்.

விலை கூடிய டியூப்பைச் சொன்னால், லாபத்துக்காகச் சொல்கிறோம் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு டியூப்பையும் எதிரே வைத்து வித்தியாசத்தைச் சொல்லுங்கள்; அவரே முடிவு செய்யட்டும். அவர் குறைந்த விலைதான் வேண்டும் என்றால், நீருக்கடியில் பூச வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் படகில் போகிறவர்கள் நம் கடைக்கு நாளைக்கும் வர வேண்டியவர்கள்.