வளவில் ஒரு மருந்து மரம்

1984ஆம் ஆண்டு தென்னமரவாடியை விட்டு வெளியேறிய குடும்பங்கள் போர் முடிந்த பின்னரே மீண்டும் தம் ஊரில் குடியேற முடிந்தது. 2006இல் சம்பூரை விட்டு வெளியேறியோர் 2015, 2016ஆம் ஆண்டுகளில் கட்டங்கட்டமாகத் திரும்பினர். வீட்டை இழந்தது போலவே வளவு மரங்களை இழந்ததும் பெரும் இழப்பு. நெல் ஒரு போகத்தில் மீண்டும் விளையும். மாவும் தென்னையும் வேம்பும் அப்படியல்ல. ஒரு மரத்தை மீளப் பெற ஒரு பிள்ளை வளரும் காலம் வேண்டும்.

இன்றும் உறவினர் வளவிலும் பிறர் காணியிலும் வாழ்வோர் எம்மிடையே உள்ளனர். அவர்களிடம் மரம் நடுங்கள் என்று சொன்னால், “நாளைக்கு எங்கே இருப்போமோ, யாருக்காக நடுவது?” என்று கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. அதை மனதில் வைத்தே மருந்து மரங்களைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

மலைநாட்டார் கற்ற பாடம்

ஊவா மாகாணத்தில் பிபிலைக்கு அப்பால் உள்ள நில்கலக் காட்டில் கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் புல்வெளியோடு கலந்து வளர்கின்றன. திரிபலா என்று வைத்தியர்கள் சொல்வது இம்மூன்றின் காய்களைத்தான். அயற்கிராமத்தவர் பருவத்தில் இவற்றைப் பொறுக்கி விற்றுச் செலவுக்குச் சிறிது பணம் தேடுவர். உதிர்ந்த காயைப் பொறுக்கினால் மரம் அடுத்த வருடமும் தரும். அவசரப்பட்டுக் கொப்பை வெட்டினால் அடுத்த வருடக் காயும் போய்விடும். 1990களின் இறுதியில் உலக வங்கியின் ஊடாகக் கிடைத்த நிதியில் மருத்துவத் தாவரப் பாதுகாப்புத் திட்டம் ஒன்று பிபிலை, ரிட்டிகல, கன்னெலிய முதலிய இடங்களில் நடத்தப்பட்டது. காட்டை மட்டும் நம்பியிருந்தால் மருந்துச் சரக்கு ஒருநாள் தீர்ந்துவிடும், வளவிலும் வளர்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

ஆபிரிக்காவின் கமரூன் நாட்டு மலைகளில் பிரூனஸ் ஆபிரிக்கானா என்றொரு மரம் உண்டு. ஆண்களின் சிறுநீர்த் தொல்லைக்கான மருந்துக்காக அதன் பட்டை ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானது. முழுப் பட்டையையும் உரித்ததால் எண்ணற்ற மரங்கள் பட்டுப்போயின. 1995இல் அம்மரம் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தது. 2007இல் கமரூன் பட்டையை வாங்குவதை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்திவைத்தது. இதனிடையே மலை விவசாயிகள் பலர் தம் தோட்டங்களில் அம்மரத்தை நட்டிருந்தனர். பட்டை காட்டில் உரித்ததா, தோட்டத்தில் நட்டதா என்று காட்ட அத்தாட்சி தேவை என்பது அப்போதுதான் நன்கு விளங்கியது.

இதிலிருந்து ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளலாம். இலை, பூ, காய், விதை ஆகியவை வட்டி. பட்டையும் வேரும் முதல். வட்டியில் வாழலாம். முதலில் கைவைத்தால் மரமும் இல்லை, வருமானமும் இல்லை.

எமது மண்ணுக்கு ஏற்றவை

திருகோணமலையில் உயர்ந்த மலைகள் இல்லை. ஆனால் மாரியில் மட்டும் மழையும், பின்னர் கச்சான் காற்றோடு நீண்ட வரட்சியும் உண்டு. வரட்சியைத் தாங்கும் மரங்களையே நாம் தெரிவுசெய்ய வேண்டும்.

வேம்பு: விதை சில வாரங்களிலேயே முளைதிறனை இழக்கும். பழம் உதிரும் காலத்திலேயே பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே போடுங்கள்.

நெல்லி: முற்றிய காயை வெயிலில் காயவிட்டால் கொட்டை வெடித்து விதை வெளிவரும். விதைக்கன்று காய்க்க ஆறு, ஏழு வருடம் செல்லலாம். ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கும்.

கடுக்காய், தான்றி: கொட்டை கடினமானது. சதையை நீக்கி ஊறவைத்துப் போட்டாலும் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். காய்க்கப் பத்து வருடமளவில் பொறுத்திருக்க வேண்டும். இவற்றைப் பிள்ளைகளுக்காக நடுகிறோம்.

ஆவரசு, ஆடாதோடை, நொச்சி: இவை மரங்கள் அல்ல, செடிகள். ஆனால் முதல் வருமானம் இவற்றிலிருந்தே வரும். ஆவரசம்பூவை உலர்த்திக் குடிநீருக்கு விற்கலாம். ஆடாதோடையும் நொச்சியும் தடி வெட்டி நட்டாலே வளரும். ஆடாதோடையை ஆடு கடிக்காது என்பதால் வேலிக்கும் உதவும்.

ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை மண்ணுக்குள் இறங்கிய பின் கன்றை நடுங்கள். ஒன்றரை அடி ஆழக் குழியில் மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நிரப்புங்கள். முதல் இரண்டு கோடைக்கும் அடியில் சருகு மூடாக்கும் மாட்டுக்கு எட்டாத கூடும் அவசியம். நட்ட கன்றுகள் பெரும்பாலும் சாவது முதற் கோடையில்தான்.

காணி கையில் இல்லாதோர்

இவர்கள் நாற்றுமேடையிலிருந்து தொடங்கலாம். பொலித்தீன் பையில் உள்ள கன்று எம்மோடு இடம்பெயரக் கூடியது. அயலவருக்கு விற்கவும் முடியும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் பையிலேயே வைத்தால் வேர் சுருண்டு, பின்னர் நட்டாலும் மரம் தேறாது. பிறர் காணியில் நடுவதாயின் மரம் யாருடையது, காய் யாருக்கு, நாம் வெளியேறினால் என்ன என்பதை முதலிலேயே எழுதிக் கையொப்பமிடுங்கள். வாய்ப்பேச்சில் விட்டால் காய்க்கும் காலத்தில் சண்டை வரும்.

சொந்தக் காணிக்காரரும் நட்ட திகதி, இனம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். காட்டிலிருந்து எடுத்ததல்ல, வளவில் நட்டது என்பதற்கு அது உதவும். காட்டில் பொறுக்குவதாயின் வனத் திணைக்களத்தின் அனுமதி தேவை.

விற்பனை

நடுவதற்கு முன் வாங்குவோரைத் தேடுங்கள். ஊர் வைத்தியரையும் கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையையும் கேளுங்கள். திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிப்போரும் ஆலோசனை சொல்லக்கூடும். எமது நாட்டு மருந்துச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது. எனவே தேவை உண்டு. ஆனால் பூஞ்சணம் பிடித்த சரக்கை எவரும் வாங்கார். இலையை நிழலிலும் காயை வெயிலிலும் நன்கு உலர்த்தி, சாக்கில் கட்டுங்கள். நெல்லிக்காயை வடக்கில் செய்வது போல் கிரஷ் ஆக்கிப் போத்தலில் அடைத்தால், பச்சைக் காயை விடக் கூடுதல் விலை பெறலாம்.

நெல்லையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு இதில் இறங்கச் சொல்லவில்லை. ஒரு வளவுக்கு இரண்டு நெல்லி, ஒரு வேம்பு, வேலியோரம் ஆடாதோடை. இவ்வளவே தொடக்கத்துக்குப் போதும்.

பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா மடல் எழுதியபோது, அந்நிய மண்ணிலேயே தோட்டமிட்டு அதன் பலனை உண்ணும்படி கூறினார். ஊர் திரும்பும் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. காத்திருக்கும் காலமும் வாழ்வின் காலமே என்பதைத்தான் உணர்த்தினார். யாருக்காக நடுவது என்ற கேள்விக்கு எமது பதிலும் அதுவே. வரும் மாரிக்கு முன் இரண்டு பை மண் நிரப்பி வையுங்கள்.