இசைக்கருவி செய்யும் கருவி

வினை முற்றுப்பெறுதற்கு வேண்டுவன ஐந்தென வகுத்த திருவள்ளுவர், பொருளை அடுத்துக் கருவியை வைத்து எண்ணினார். அது பொருட்பாலில் அரசாளும் வினையை நோக்கிக் கூறப்பெற்றதாயினும், தச்சுப்பட்டறைக்கும் அவ்வெண்ணிக்கை முழுதும் பொருந்துவதாம். நம் முன்னோர் இசைக்கருவியின் உறுப்புகளை நுணுகி நோக்கியவர். பொருநராற்றுப்படை யாழின் பத்தல், போர்வை, ஆணி, மருப்பு, திவவு, நரம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வருணிக்கின்றது. விபுலானந்த அடிகளாரும் பல்லாண்டு ஆராய்ந்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார். ஆயினும், பாட்டுடைத் தலைமை யாழுக்கே வாய்த்தது. அதனைக் குடைந்த இரும்புக்கு வாய்த்திலது. அக்குறையைச் சிறிது நிரப்பும் நோக்குடன், இக்காலத்துக் கிட்டார் செய்வோர் கையாளும் ரவுட்டர் பிட் என்னும் வெட்டலகினைத் தேர்ந்தெடுப்பதும் பேணுவதும் எங்ஙனம் என ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கும் இப்பொருளுக்கும் என்ன உறவு எனச் சிலர் வினவலாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள கடற்கரைப் பகுதியில் வாழ்வோர்க்கு அவ்வுறவு அருகிலேயே உள்ளது. ஆலயப் பாடற்குழுக்களில் கிட்டார் ஒலிக்கின்றது. காசிமேட்டில் படகு கட்டும் தச்சர் மரத்தோடு பழகியவர். திருவொற்றியூரிலோ, இரும்பினைத் தீட்டும் சாணைப்பொருளையே தொழிலாகக் கொண்ட ஆலை ஒன்று உண்டு. அப்பொருளின் பெயருக்குள் ஒரு தமிழ்ச்சொல் மறைந்து கிடப்பதைப் பின்னர்க் காட்டுவோம்.

ரவுட்டரின் பணி

ரவுட்டர் என்பது மின்விசையால் சுழலும் ஒரு குடைகருவி. அதன் கீழ்நுனியிலுள்ள கோலட் என்னும் பிடிவளையத்தில் பிட்டின் காம்பைச் செருகி முடுக்குவர். உளியானது ஓரடிக்கு ஒரு சீவலை எடுக்கும். ரவுட்டர் பிட்டோ, நிமிடத்திற்கு இருபதினாயிரம் முறையும் அதற்கு மேலும் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் சிறு சிறு சீவல்களை எடுக்கும். ஆகவே உளியின் பிழை ஓரடியோடு நின்றுவிடும். பிட்டின் பிழை ஒரு கணத்தில் ஆயிரம் அடியாகப் பெருகும்.

கிட்டாரின் உறுப்புகளுக்கு வீணைத் தச்சர் வழங்கும் சொற்களையே பெரும்பாலும் கொள்ளலாம். நரம்புகளைத் தாங்குவது குதிரை. விரற்பலகையின்மேல் குறுக்கே பதிப்பன மெட்டுகள். ரவுட்டரின் பணி நான்கு இடங்களில் இன்றியமையாதது. கழுத்தினுள் எஃகுக் கம்பி கிடத்தற்குரிய நீண்ட பள்ளம் ஒன்று. ஒலித்துளையைச் சூழ்ந்த அணிவளையத்துக்குரிய வட்டப் பள்ளம் மற்றொன்று. உடலின் ஓரத்தில் விளிம்புப் பட்டி பதித்தற்குரிய படி மூன்றாவது. மின்கிட்டாராயின் கழுத்து அமரும் குழியும் ஒலிவாங்கிக் குழிகளும் நான்காவது. மரக்கிட்டாரின் பக்கப்பலகை ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமே உடையது. முகப்பலகை 3 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. இத்துணை மெல்லிய பலகையின் ஓரத்தில் ஒரு சிம்பு பெயர்ந்தால், பல நாள் உழைப்பு அக்கணமே பாழாம்.

பிட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதலாவது நோக்கத்தக்கது உலோகம். அதிவேக எஃகினால் செய்த பிட் விலை குறைந்தது. புதிதாயிருக்கையில் நன்கு கூர்மையுடையது. ஆனால் வன்மரத்திலும், பசை செறிந்த பிளைவுட்டிலும் விரைவில் மழுங்கும். டங்க்ஸ்டன் கார்பைடு முனையுடையது நெடுங்காலம் கூர் தாங்கும். 1920களில் செருமனியின் குருப் நிறுவனம் இப்பொருளை 'விடியா' என்னும் பெயரால் விற்றது. வைரம் போன்றது என்பது அப்பெயரின் பொருள். நுண்ணிய கார்பைடுத் துகள்களைக் கோபால்ட்டு என்னும் உலோகம் பிணைத்து நிற்பதே இதன் அமைப்பு. அது மிகக் கடியது. ஆயினும் கண்ணாடியைப் போல் விள்ளும் இயல்புடையது. கீழே விழுந்த கார்பைடுப் பிட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்காது மீண்டும் பூட்டலாகாது.

இரண்டாவது நோக்கத்தக்கது காம்பு. நம் நாட்டுக் கடைகளில் அங்குல அளவும் மெட்ரிக் அளவும் கலந்தே கிடைக்கின்றன. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். கால் அங்குலக் கோலட்டில் 6 மில்லிமீட்டர்க் காம்பையும், அரை அங்குலக் கோலட்டில் 12 மில்லிமீட்டர்க் காம்பையும் செருகுவோர் உளர். முடுக்கும்போது இறுகியதுபோல் தோன்றினும், சுழலும்போது அது வழுவி வெளியேறும். கண்ணுக்கும் கைக்கும் கேடு விளைக்கும் பிழைகளுள் இது தலையாயது. பாரிமுனையை அடுத்த தெருக்களில் பிட் வாங்கச் செல்வோர், அளவுகோலைக் கையிற்கொண்டு சென்று காம்பை அளந்து வாங்குதல் நன்று.

மூன்றாவது வடிவம். கம்பிப் பள்ளத்திற்கு நேர்ப்பிட் வேண்டும். கம்பியின் அகலத்தை முதலில் அளந்து, அதற்கேற்ற பிட்டைப் பின்னர் வாங்குக. மின்கிட்டாரின் உடல் உருவத்திற்கும் குழிகளுக்கும் காம்பின்மேல் பேரிங் பொருந்திய பிட் ஏற்றது. பேரிங் மாதிரிப் பலகையின் ஓரத்தைத் தடவிச் செல்ல, வெட்டுவாய் அவ்வுருவத்தையே மரத்தில் எடுக்கும். விளிம்புப் படிக்கு அடியில் பேரிங் உடைய படிவெட்டுப் பிட் வேண்டும். இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. வெட்டு விட்டத்திலிருந்து பேரிங்கின் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் படியின் அகலம் கிடைக்கும். 19 மில்லிமீட்டர்ப் பிட்டில் 15 மில்லிமீட்டர்ப் பேரிங்கைப் பூட்டினால் படி 2 மில்லிமீட்டர். பேரிங்கை மாற்றினால் போதும். பிட்டை மாற்ற வேண்டுவதில்லை.

திருகுவடிவப் பிட்டுகளும் உண்டு. மேல்நோக்கித் திருகியது சீவலைப் பள்ளத்தினின்று வெளியேற்றும். ஆனால் மேல்விளிம்பின் நாரைக் கிழிக்கக்கூடும். கீழ்நோக்கித் திருகியது விளிம்பைத் தூயதாக வைக்கும். ஆனால் சீவலை உள்ளே அடைக்கும். ஆகவே ஆழ்ந்த பள்ளத்திற்கு முன்னதும், அணிவளையப் பள்ளம் போன்ற ஆழமற்ற நுண்பணிக்குப் பின்னதும் பொருந்துவனவாம்.

ஐம்பது பிட் அடங்கிய மலிவான பெட்டியைக் கண்டு மயங்குவோர் பலர். அவற்றுள் ஐந்தே பயன்படும். அவ்வைந்தும் விரைவில் மழுங்கும். நல்ல பிட் நான்கினை வாங்கிப் பேணுதலே சிக்கனம். வாங்கும்போது, கார்பைடுத் துண்டு எஃகோடு இடைவெளியின்றிப் பற்றவைக்கப்பட்டுள்ளதா, இரு வெட்டுவாய்களும் ஒத்துள்ளனவா, பேரிங் தடையின்றிச் சுழல்கின்றதா என்னும் மூன்றையும் நோக்குக.

மரமும் வேகமும்

ஒரே பிட் எல்லா மரத்திலும் ஒருபடித்தாய் நடவாது. தேக்கில் மணற்சத்து உண்டாதலின், அது வெட்டுவாயைத் தேய்க்கும். ஈட்டி மரம் நெருங்கிய வைரமுடையது. அதன் கண்களிலே படியும் சுண்ணச்சத்தும் கூர்மையைக் கெடுக்கும். இம்மரத்தின் பெருமை பெரிது. பிரேசில் நாட்டு மரம் கிடைத்தல் அரிதானபோது, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969ஆம் ஆண்டில் நம் நாட்டு ஈட்டியைத் தன் கிட்டார்களுக்குக் கொண்டது. 2017ஆம் ஆண்டு சனவரி முதல் ஈட்டியின் இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டது; முற்றுப்பெற்ற இசைக்கருவிகளுக்கு 2019ஆம் ஆண்டில் விலக்கு அளிக்கப்பெற்றது. பல்லாண்டு வளர்ந்த மரத்தின் பலகையை, மழுங்கிய ஒரு பிட் சில நொடியில் கருக்கிவிடுமாயின், அவ்விழப்பு பணத்தால் மட்டும் அளக்கத்தக்கதோ?

அடுத்து வேகம். நிமிடத்திற்கு 20,000 சுற்றில், 6 மில்லிமீட்டர்ப் பிட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதே சுற்றில் 50 மில்லிமீட்டர்ப் பிட்டின் விளிம்போ மணிக்கு 188 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆகவே விட்டம் பெருகப் பெருகச் சுற்றினைக் குறைத்தல் வேண்டும். ஆழத்தையும் ஒரே முறையில் எடுக்கலாகாது. 10 மில்லிமீட்டர்ப் பள்ளத்தை, முறைக்கு 3 மில்லிமீட்டருக்கு மிகாமல் நான்கு முறையில் எடுப்பதே முறை. உடலின் புறவடிவை முதலில் வாளால் அறுத்து, 2 மில்லிமீட்டர் அளவே பிட்டிற்கு விடுக. குழிகளை முன்னரே துளைக்கருவியால் துளைத்து, எஞ்சிய மரத்தை மட்டும் பிட்டால் எடுக்க.

கருவி செல்லும் திசையும் பெரிதும் நோக்கத்தக்கது. மேலிருந்து நோக்கினால் பிட் வலஞ்சுழியாகச் சுழல்வது. ஆதலின் புற ஓரத்தை இடஞ்சுழியாகவும், குழியின் உள் ஓரத்தை வலஞ்சுழியாகவும் சுற்றிவருதல் வேண்டும். மாறிச் சென்றால், பிட் மரத்தைப் பற்றி ஏறிக் கையினின்று கருவியைப் பறிக்கும். கண்ணாடியும் முகமூடியும் அணியாது இவ்வினையில் புகுதல் அறியாமை. ஈட்டித்தூள் சிலர்க்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமையை விளைக்கும்.

பேணும் முறை

மழுங்கிய பிட்டை அறிய நான்கு குறிகள் உள. சீவலுக்கு மாறாகத் தூள் உதிரும், மரத்தில் கரிந்த தடம் தோன்றும், ஓசை கீச்சிடும், கை மிகுதியாகத் தள்ள நேரும். இவற்றுள் ஒன்று தோன்றினும் நிறுத்துக. பல வேளைகளில் பிட் மழுங்கியிராது. மரப்பிசின் படிந்தே கூர்மை மறைந்திருக்கும். பேரிங்கைக் கழற்றி, பிட்டை மண்ணெண்ணெயில் சிறிது ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பிசின் நீங்கும். பேரிங்கை அதில் ஊறவைக்கலாகாது. உள்ளிருக்கும் கொழுப்பு கரைந்துவிடும். கடுங்காரம் உள்ள அடுப்புத் துப்புரவு நீர்மங்களும் ஆகா. அவை கார்பைடைப் பிணைக்கும் கோபால்ட்டை அரிக்கும்.

கடலோரத்தில் வாழும் நமக்குத் துரு ஒரு தனிப் பகை. எண்ணூர்க் காற்றிலுள்ள உப்பும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் எஃகுக் காம்பை விரைந்து பற்றும். துருவேறிய காம்பு கோலட்டில் ஒழுங்காக அமராது. அமராத பிட் நடுங்கும். நடுங்கும் பிட் பள்ளத்தை அகலமாக்கும். வேலை முடிந்தபின் காம்பில் மெல்லிய இயந்திர எண்ணெய் தடவித் துடைத்து, துளையிட்ட மரக்கட்டையில் ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தி, மூடிய பெட்டியில் வைக்க. மீண்டும் பூட்டுமுன் எண்ணெயை முற்றும் துடைத்தல் வேண்டும். பூட்டும்போது காம்பை அடிவரை செருகி, 2 அல்லது 3 மில்லிமீட்டர் மேலே இழுத்து, அதன்பின் முடுக்குக.

இனித் தீட்டுதல். கார்பைடின் கடுமை மோசு அளவில் ஏறத்தாழ 9. வைரத்தின் கடுமை 10. ஆகவே வைரத்தூள் பதித்த தகடே அதற்கு ஏற்ற கல். எஃகுப் பிட்டிற்குச் சிலிகன் கார்பைடு என்னும் கார்போரண்டக் கல்லும் போதும். வெட்டுவாயின் தட்டையான உள்முகத்தை மட்டும் தகட்டில் படியவைத்து, நீர் விட்டு, ஒவ்வொரு வாய்க்கும் எண்ணிப் பத்து முறை தேய்க்க. வெளிவளைவைத் தீண்டலாகாது, தீண்டினால் விட்டம் குறைந்து, பேரிங்கோடு பொருந்தாமற் போகும். ஒரு வாய்க்குப் பத்தும் மறுவாய்க்குப் பதினைந்தும் தேய்த்தால் சமநிலை கெடும். திருகுவடிவப் பிட்டைக் கையால் தீட்டுதல் இயலாது. பொறிசாணை உடையாரிடம் தருக. முனை விண்டதையும் காம்பு வளைந்ததையும் இரக்கமின்றி ஒதுக்குக.

பெயருள் மறைந்த தமிழ்

முன்னர்க் கூறிய தமிழ்ச்சொல்லை இனிக் காட்டுவோம். 1891ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய எட்வர்ட் ஆச்சிசன், களிமண்ணையும் கற்கரித்தூளையும் மின்னுலையில் காய்ச்சியபோது, ஒளிரும் கடிய படிகங்களைக் கண்டார். அது கரியும் கொரண்டமும் கூடியது எனக் கருதிக் கார்போரண்டம் எனப் பெயரிட்டார். அக்கருத்துப் பிழையாயினும் பெயர் நிலைத்துவிட்டது. கொரண்டம் என்பதோ நம் குருந்தம் என்னும் சொல்லே. சேலம் வட்டாரத்தில் கிடைக்கும் அக்கல்லின் தூளை அரக்கோடு சேர்த்துச் சாணை பிடித்தவர் நம் நாட்டுத் தொழிலாளர். கடல் கடந்த அச்சொல், 1954ஆம் ஆண்டில் முருகப்பா குழுமமும் அமெரிக்க, ஆங்கில நிறுவனங்கள் இரண்டும் கூடி நிறுவிய கார்போரண்டம் யூனிவர்சல் வாயிலாகத் திருவொற்றியூருக்கே திரும்பி வந்தது. சொல்லாராய்ச்சி ஏட்டோடு நிற்பதன்று, சாணைக்கல்லிலும் நடத்தற்குரியது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மாணவ நண்பர்களே! நல்ல இசையைக் கேட்கும்போது பாடுவோரைப் போற்றுகின்றோம்; மீட்டும் விரலையும் வியக்கின்றோம். அவ்விசைக்கு முன்னே, பள்ளத்தை மயிரிழை பிசகாமல் எடுத்த ஒரு தச்சன் உளன். வேலை முடிந்தபின் பிட்டைத் துடைத்து வைத்த அவன் பொறுமையும் உளது. கருவியைத் தேர்வது அறிவு. அதனைப் பேணுவது ஒழுக்கம். இவ்விரண்டும் ஒருங்கு அமைந்த கையிலே மரமும் பாழாகாது, விரலும் ஊறுபடாது, இசையும் குன்றாது. அத்தகைய கைகள் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பெருகுவனவாக!