பத்து விநாடிக்குள் ஒரு கோல்

2018 ஜூலை 2, ரஷ்யாவின் ரோஸ்டோவ் மைதானம். உலகக் கோப்பைக் கால்பந்தில் பெல்ஜியம்-ஜப்பான் நாக் அவுட் ஆட்டம் 2-2 என நிற்கிறது. நடுவர் விசில் ஊதக் காத்திருக்கும் நேரத்தில் ஜப்பானுக்கு ஒரு கார்னர். ஹோண்டா அடித்த பந்தை பெல்ஜியம் கோல்கீப்பர் கோர்ட்வா பிடித்தார். ஓங்கி உதைக்காமல், சக வீரர் டி ப்ரூய்ன ஓடும் வழியில் கையால் உருட்டிவிட்டார். டி ப்ரூய்ன நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் மெனியேவுக்குத் தட்ட, மெனியே குறுக்கே அனுப்ப, சாட்லி கோலுக்குள் தள்ளினார். சுமார் 10 விநாடியில் ஜப்பான் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

இந்தக் கோலில் பந்தையே தொடாத ஒருவருக்கும் பங்குண்டு. பெல்ஜியத்தின் லுகாகு முதலில் உள்பக்கமாக ஓடித் தடுப்பாட்டக்காரரைத் தன்னோடு இழுத்துப்போய் மெனியேவுக்கு வழி திறந்தார். கிராஸ் வந்தபோது அடிப்பதுபோல் போக்குக்காட்டி, பந்தைச் சாட்லிக்கு விட்டுவிட்டார். கால் வேகம் மட்டும் இருந்தால் இது நடக்காது.

இப்படி முடிவெடுக்க எங்கே பழகுவது? யூரோ 2000 போட்டியைச் சொந்த மண்ணில் நடத்தி, முதல் சுற்றோடு வெளியேறியபின் பெல்ஜியம் சிறுவர் பயிற்சியைப் புரட்டிப் போட்டது. தொழில்நுட்ப இயக்குநர் மிஷெல் சாப்லோன் காலத்தில் 1,500 சிறுவர் ஆட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். விளைவு, பொடிசுகளுக்கு 2-க்கு 2, பிறகு 5-க்கு 5, 8-க்கு 8. ரோஸ்டோவ் கோல் அந்தத் திட்டத்தின் நேரடி விளைச்சல் என்றால் அது மிகை. ஆனாலும், பந்தைப் பறித்ததும் பாயும் இத்தகைய எதிர்த்தாக்குதலுக்குச் சிறு ஆட்டம் ஏற்ற பட்டறைதான்.

5-க்கு 5 ஆட்டத்தில் விதி ஒன்றைச் சேர்த்தால் போதும்: பந்தைப் பறித்த 8 விநாடிக்குள் அடித்தால் கோல் இரண்டாகக் கணக்கு. பந்து வெளியே போனால் கோச் உடனே எதிரணிக்கு இன்னொரு பந்தை வீசுவார், மூச்சுவிட நேரமில்லை. பறித்தவன் தலையை நிமிர்த்தி முதலில் முன்னே பார்க்கப் பழகுகிறான். பறிகொடுத்தவர்களுக்கும் பாடம் உண்டு. எல்லோரும் தாக்கப் போனால் பின்னால் யார் காவல்? ஜப்பான் அந்தக் கார்னரில் ஆட்களை அள்ளி முன்னே அனுப்பியிருந்தது.

இத்தகைய விநாடிக் கணக்குக்காக ஜெர்மானியப் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக் பயிற்சியில் டிக் டிக் என ஒலிக்கும் கடிகாரமே வைத்திருந்தார். இழந்த பந்தை மீட்க 8 விநாடி, மீட்டபின் கோலை நோக்கி அடிக்க 10 விநாடி.

சிறு ஆட்டத்தில் ஒரு குறையும் உண்டு. குட்டி மைதானத்தில் தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் ஓட இடமே இருக்காது. எதிர்த்தாக்குதலின் உயிரோ அந்த இடத்தில்தான். அதனால் விவரமான கோச்சுகள் களத்தின் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுகிறார்கள். பறித்த பந்தோடு 40 மீட்டர் ஓடினால்தான், எப்போது பாஸ் விடுவது என்ற கேள்வியே எழும்.