ஜொள்ளு வடியும் வயது

நெய்வேலி டவுன்ஷிப்பில் கத்திரி வெயில் காலத்தில் கைக்குழந்தையின் கழுத்து மடிப்பைப் பார்த்தால், வியர்வையும் ஜொள்ளும் கலந்து சிவந்து கிடக்கும். பெரும்பாலும் ஜொள்ளு வடிவதற்குக் காரணம் நோயல்ல, வளர்ச்சி.

பிறந்து இரண்டு, மூன்று மாதத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் சுறுசுறுப்பாகின்றன. விழுங்கும் பழக்கமோ இன்னும் கைவரவில்லை. சுமார் ஆறு மாதத்தில் பல் முளைக்கத் தொடங்கியதும் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும், ஜொள்ளும் கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுவாக்கில் குறையும். நான்கு வயதுக்கு மேலும் நீடித்தால் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதுவரை வேண்டியது மென்மையான பருத்தித் துணிகள். தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். நனைந்த சட்டையை உடனே மாற்றுங்கள். ஈரம் உலர்ந்தபின் மோவாயிலும் கழுத்திலும் மெல்லிய பூச்சாக வாசலின் தடவலாம். தூங்கும்போது கழுத்துத் துணியைக் கழற்றிவிடுங்கள்.

வசம்பு வளையல் கட்டும் வீடுகள் பல. குழந்தை அதையும் சப்பும். உதிர்ந்த துண்டு தொண்டையில் சிக்கலாம். உணவில் வசம்பு சேர்ப்பதை அமெரிக்கா 1968-லேயே தடை செய்தது. ஒரு வயதுக்குள் ஈறில் தேன் தடவுவதும் கூடாது.

திடீரென ஜொள்ளு பெருகி, காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தால், பால் குடிக்க மறுத்தால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தொண்டைத் தொற்றோ, விழுங்கிய பொருளோ காரணமாக இருக்கலாம்.